ஆள் இல்லை என்பது பொய்

“வேதியியலைத் தமிழில் பெயர்க்க ஆள் கிடைப்பதில்லை.” வடசென்னையில் ஆலை, துறைமுகம், சுங்கம், கன்டெய்னர் யார்டு என எந்தப் பக்கம் போனாலும் இந்த வாக்கியம் காதில் விழும். ஆலையின் பாதுகாப்பு அதிகாரி சொல்வார். கிளியரிங் ஏஜெண்ட் சொல்வார். மேடையில் தமிழுக்காகத் தொண்டை கிழியப் பேசுகிற தொழிற்சங்கக்காரர்கூட ரசாயனத்தின் பாதுகாப்புத் தாள் என்று வந்ததும் குரலைத் தாழ்த்தி, “அதெல்லாம் டெக்னிக்கல் சார், இங்கிலீஷ்லயே இருக்கட்டும்” என்பார். படித்தவர்கள் இன்னும் நாசூக்காகச் சொல்வார்கள்: தமிழில் அதற்குச் சொல் இல்லை, இருந்தாலும் யாருக்கும் புரியாது, புரிந்தாலும் இப்போது வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வடக்கத்தியவர்கள், அவசரமென்றால் செல்போனே மொழிபெயர்த்துவிடும்.

இந்த வாக்கியம் பொய் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். தேடிப் பார்க்காதவர்கள், கூலி ஒதுக்காதவர்கள், ஆள் வந்து நின்றால் கொடுக்க வேலை வைத்திராதவர்கள் சொல்லும் சாக்கு இது. அந்தச் சாக்குக்கான விலையைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள்.

மூலக்கொத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இது ஏட்டு விவகாரம் அல்ல. ஒரு பக்கம் பேசின் பிரிட்ஜ், மறுபக்கம் ராயபுரமும் துறைமுகமும். வடக்கே தண்டையார்பேட்டையின் எண்ணெய்க் கிடங்குகள், அதற்கப்பால் திருவொற்றியூர், மணலி, எண்ணூர். 1969இல் மணலி சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து உரம், பெட்ரோகெமிக்கல் என்று ஒன்றையடுத்து ஒன்றாக வந்து சேர்ந்த நிலம் இது. இந்தச் சாலைகளில் போகிற டேங்கர்களின் முதுகில் ஒரு பலகை இருக்கும். அதில் நான்கு இலக்க எண். 1005 என்றால் நீரற்ற அமோனியா. 1017 குளோரின். 1830 கந்தக அமிலம். 1203 பெட்ரோல். ஐ.நா. வகுத்த எண்கள், உலகெங்கும் ஒன்றே. டிரைவரின் கேபினில் டிரெம் கார்டு என்றொரு தாள் இருக்க வேண்டும். வண்டி கவிழ்ந்தால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9ஆம் விதி இங்கே கவனிக்கத் தக்கது. அபாயகரமான சரக்கு ஏற்றும் டிரைவருக்கு அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றும், கூடவே ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அது. “பாருங்கள், சட்டமே ஆங்கிலம் கேட்கிறது” என்பார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். தாளை டிரைவரின் மொழிக்குக் கொண்டுவரும் பொறுப்பை அனுப்புகிறவர் மேல் வைப்பதற்குப் பதிலாக, தாளின் மொழிக்குப் போய்ச் சேரும் பொறுப்பை டிரைவர் மேல் வைத்திருக்கிறோம். சரக்கில் லாபம் பார்க்கிறவர் ஒருவர். ஆங்கிலம் கற்க வேண்டியவர் இன்னொருவர். சரி, டிரைவர் படித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். வண்டி கவிழ்ந்த இடத்தில் டீக்கடை வைத்திருப்பவர்? முதலில் ஓடி வருகிற ஆட்டோக்காரர்? டிரைவர் மயங்கிக் கிடந்தால் அந்தத் தாளை யார் வாசிப்பது?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கிய நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பத்துக்கு எதிரே கடலுக்கடியில் கிடந்த அமோனியாக் குழாய் கசிந்தது. கப்பலிலிருந்து கோரமண்டல் இண்டர்நேஷனல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் குழாய். பெரியகுப்பம், சின்னகுப்பம் சனங்கள் மூச்சுத் திணறி, கண் எரிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலருகே காற்றில் அமோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாகத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது; அனுமதித்த அளவு 400. கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 49. இந்த எண்கள் நமக்கு மறுநாளே தமிழில் கிடைத்துவிட்டன. எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பது அந்த இரவில் கிடைக்கவில்லை.

அமோனியாவைப் பற்றி ஒரு மனிதனுக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். காற்று அடிக்கும் போக்கிலேயே ஓடாதே, குறுக்கே விலகு. துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடு. கண்ணைக் கசக்காதே, குறைந்தது கால் மணி நேரம் தண்ணீரால் கழுவு. காற்றைவிட லேசான வாயுதான், ஆனால் குளிர்ந்து பனிப்புகையாக வரும்போது தரையை ஒட்டியே படரும். மேலே போய்விடும் என்று நம்பி உட்காராதே. இதில் எந்த வரிக்குத் தமிழில் சொல் இல்லை? வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைக்கிற மீனவச் சனத்துக்குக் காற்றின் குறுக்கே போவதைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சொல்ல வேண்டும், அவ்வளவே. உலகத்தில் இந்த ஒரு அறிவுரையை எவரையும்விட வேகமாகப் புரிந்துகொள்ளக் கூடிய சனம் ஆலையின் வாசலிலேயே குடியிருந்தது. அவர்களிடம் சொல்வதற்கு மட்டும் மொழி போதவில்லையாம்.

மணலிக்கு வருவோம். 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் அங்கே ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் ஐந்து ஆண்டு கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூத் துறைமுகத்தில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகே நம் வீட்டுப் பக்கத்திலும் அதே சரக்கு இருப்பது ஊருக்குத் தெரிந்தது. அந்த மாதமே அதை ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். மணலிக்காரருக்குத் தன் தெருவைப் பற்றிய சேதி லெபனான் வழியாக வந்து சேர்ந்தது. இதற்கு மொழி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் மொழியில் எழுதிச் சொல்லும் பழக்கம் ஒன்று இருந்திருந்தால், சொல்லாமல் விட்டது உடனே கண்ணில் பட்டிருக்கும்.

இப்போது ஐரோப்பாவைப் பாருங்கள். இத்தாலியனிலிருந்து ஜெர்மனுக்கு வேதியியல் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மிலானில் ஒரு பிசின் கம்பெனி தேடினால் கிடைக்கிறார். இரண்டு மொழியும் அறிந்தவர், கரைப்பானுக்கும் கரைபொருளுக்கும் வித்தியாசம் அறிந்தவர், அதையே தொழிலாக வைத்துக் குடும்பம் நடத்துகிறவர். இதைச் சொல்லும்போது நம் ஆட்கள், “அவர்கள் வளர்ந்த மொழிகள், நம்முடையது அப்படியா” என்பார்கள். அந்த மொழிபெயர்ப்பாளரை உண்டாக்கியது மொழியின் வளர்ச்சி இல்லை. சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ரீச் சட்டப்படி, ஒரு ரசாயனத்தை எந்த நாட்டில் விற்கிறாயோ அந்த நாட்டின் ஆட்சிமொழியில் அதன் பாதுகாப்புத் தாள் இருக்க வேண்டும். 2008இல் வந்த சி.எல்.பி. சட்டம் டப்பாவின் மேல் ஒட்டும் லேபிளுக்கும் அதையே சொல்கிறது. ஜெர்மன் தாள் இல்லாமல் இத்தாலியப் பிசின் மூனிக்கில் விலை போகாது. விலை போகாது என்ற பயம் வந்ததும் ஆள் தேடுகிறார்கள், தேடினால் கிடைக்கிறார், கிடைத்தவர் அந்த வேலையிலேயே தேறுகிறார்.

ஆபத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் அங்கே சும்மா வரவில்லை. 1976 ஜூலை 10 அன்று வட இத்தாலியில் செவேசோ ஊருக்கு அருகே ஓர் ஆலையிலிருந்து டயாக்சின் கலந்த புகை கிளம்பியது. ஆலை சுவிட்சர்லாந்து நிறுவனமான ஹாஃப்மன் லா ரோஷின் குழுமத்தைச் சேர்ந்தது. கிளம்பியது என்ன என்று ஊராருக்குத் தெரியாமலே நாள்கள் போயின. முயல்களும் கோழிகளும் செத்து விழுந்தன. வீடுகளைக் காலி செய்யச் சொன்னது இரண்டு வாரத்துக்குப் பிறகு. அந்தத் தாமதத்துக்குக் காரணம் மொழி அல்ல, மறைத்ததே காரணம். ஆயினும் அதிலிருந்து ஐரோப்பா கற்ற பாடம், ஆலைக்கு வெளியே இருப்பவருக்கும் சொல்லியாக வேண்டும் என்பது. 1982இல் செவேசோ பெயராலேயே ஒரு நெறிமுறைச் சட்டம் வந்தது. நமக்குப் போபால் 1984இல் நேர்ந்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தைப் பற்றித் தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் ஆலை உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்று 41பி பிரிவைச் சேர்த்தோம். அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948இன் மூலச் சட்டத்திலேயே 108ஆம் பிரிவு இருந்தது. 1989இல் அபாயகர ரசாயனங்களுக்கான விதிகள் பாதுகாப்புத் தாளைக் கட்டாயமாக்கின. ஆக, சட்டத்தில் சொல்லாமல் விடவில்லை. “புரியும் மொழி” என்ற சொற்களை வாசலில் தொங்கும் பலகையோடு நிறுத்திக்கொண்டு, ஆபத்தின் விவரமெல்லாம் அடங்கிய தாளை ஆங்கிலத்திலேயே கோப்பில் வைத்துக்கொண்டோம். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று ஆலைகளில் தமிழில் உறுதிமொழி எடுக்கிறார்கள், தமிழில் கவிதைப் போட்டி வைக்கிறார்கள். மார்ச் 5 அன்று டிரம்மின் மேல் ஒட்டியிருப்பது ஆங்கிலம்.

இத்தாலியன், ஜெர்மன் பற்றிச் சொன்னேன். அந்த இரண்டுக்கும் இடையிலும் ஆள் எப்போதும் தயாராக நின்றதில்லை. ஸ்தனிஸ்லாவோ கன்னிசாரோ என்ற வேதியியலாளர் 1858இல் அணு எடைகளைச் சரியாகக் கணக்கிடும் வழியை இத்தாலிய மொழியில் எழுதினார். ஐரோப்பிய வேதியியல் அப்போது அணு எது, மூலக்கூறு எது என்று குழம்பிக் கிடந்த காலம். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் கூடிய மாநாட்டின் முடிவில் அந்தச் சிறு நூலின் படிகளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வாங்கிச் சென்றவர்களில் ஒருவரான லோதர் மேயர் அதைப் படித்துத் தெளிவடைந்தார். தனிம வரிசையைப் பற்றிய அவருடைய வேலைக்கு அது அடித்தளமானது. அந்த நூல் முறையாக ஜெர்மனில் வந்தது எப்போது? 1891இல். 33 ஆண்டு கழித்து. மொழிபெயர்த்தவர் அர்த்துரோ மியோலாத்தி என்ற இத்தாலிய வேதியியலாளர். பதிப்பித்தவர் அதே லோதர் மேயர். வேதியியலில் பேர்பெற்ற இரண்டு மொழிகளுக்கு இடையிலேயே யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்யும் வரை அது நடக்கவில்லை. உட்கார்ந்தவர் வேதியியல் அறிந்தவராக இருந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சொல் இல்லை என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய நூல்வரிசையில் ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. வேதியியல் பாடநூல். மணலியில் ஆலை வருவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்னால். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் அறிவியல் சொற்களுக்காகவே ஒரு சங்கம் வைத்து இதழ் நடத்தினார்கள். பின்னர் ராஜாஜி ‘திண்ணை ரசாயனம்’ என்று ஒரு நூலே எழுதினார். இலங்கையில் இன்றைக்கும் தமிழ் மாணவர்கள் உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலைத் தமிழிலேயே எழுதுகிறார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகிறார்கள். நம் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகம் தமிழில் இருக்கிறது. கல்லூரிகளில் பி.எஸ்சி. வேதியியல் தமிழ் வழியில் நடக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010 முதல் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் தமிழில் வேதியியல் படித்துத் தேறி வெளியே வருகிற பிள்ளைகளை ஒரு கையால் தட்டிக் கொடுத்துவிட்டு, மறு கையால் “தமிழில் வேதியியலுக்குச் சொல் இல்லை” என்று எழுதுகிறது இந்தச் சமூகம். அப்படியானால் அந்தப் பிள்ளைகள் மூன்றாண்டு எதைப் படித்தார்கள்?

இந்த இடத்தில் தமிழ்ப் பற்றாளர்களிடமும் சண்டை போட வேண்டியிருக்கிறது. நாம் சொல் செய்வதில் காட்டிய மும்முரத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தாள் செய்வதில் காட்டவில்லை. ஹைட்ரஜனுக்கு நீரகம் வைப்பதா, யாழ்ப்பாணத்தார் போல ஐதரசன் என்பதா என்று தலைமுறை தலைமுறையாக வாதம் செய்தோம். கலைச்சொல் பட்டியல்கள் போட்டோம். இன்றைக்கு அரசின் ‘சொற்குவை’ வரை அந்த வேலை தொடர்கிறது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் பட்டியலில் இருக்கும் சொல் யாரையும் காப்பாற்றாது. வாக்கியத்தில் வந்து டிரம்மின் மேல் ஒட்டினால்தான் காப்பாற்றும். திருவொற்றியூரில் ஒரு ஃபிட்டர் ஆசிட் என்கிறார், காஸ்டிக் என்கிறார், வால்வு என்கிறார், கேஸ் என்கிறார். அவருக்கான தாளில் சோடியம் ஹைட்ராக்சைடு என்று எழுதி, பக்கத்திலேயே காஸ்டிக் சோடா என்றும் எழுத வேண்டும். அவர் வாயில் வராத தனித்தமிழ்ச் சொல்லை அங்கே வைப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகாது. ஆங்கிலத் தாளால் அவருக்கு என்ன பயன் கிடைத்ததோ, அதே பயன்தான் இதிலும் கிடைக்கும். தூய்மை வேறு இடங்களுக்கு உரியது. உயிர் போகிற இடத்தில் முதலில் புரிய வேண்டும்.

உண்மையில் இந்த வேலையின் கடினமான பகுதி கலைச்சொல் இல்லை. ஒரு பாதுகாப்புத் தாளில் 16 பிரிவுகள். அதில் வரும் எச்சரிக்கை வாக்கியங்களையும் முன்னெச்சரிக்கை வாக்கியங்களையும் ஐ.நா. ஏற்கெனவே வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துவிட்டது. எச்314 என்றால் தோலைக் கடுமையாகச் சுட்டுப் புண்ணாக்கும், கண்ணுக்குச் சேதம் உண்டாக்கும். எச்331 என்றால் சுவாசித்தால் நஞ்சு. எல்லாம் சேர்த்துச் சில நூறு வாக்கியங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இவற்றைத் தன் ஆட்சிமொழிகள் அனைத்திலும் ஒரு முறை பெயர்த்துச் சட்டத்தின் பின்னிணைப்பிலேயே அச்சிட்டுவிட்டது. மால்ட்டா தீவில் இருப்பவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். அவர்கள் மொழியில் எச்314 அதிகாரபூர்வமாக இருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே 7 கோடியைத் தாண்டிய தமிழ்நாட்டில், அரசு முத்திரையோடு எல்லா ஆலையும் பின்பற்றியாக வேண்டிய அப்படி ஒரு பின்னிணைப்பு தமிழில் இல்லை. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956இல்.

செல்போன் மொழிபெயர்க்குமே என்பவர்களுக்கு. மொழிபெயர்க்கும். இன்று பெரும்பாலும் சரியாகவே தருகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது: தவறிய வரியும் சரியான வரியைப் போலவே மிடுக்காக வந்து நிற்கும், பிரித்தறியத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க மாட்டார். சோடியம் குளோரைடு சாப்பாட்டு உப்பு. சோடியம் குளோரைட்டு வெளுப்பான். சோடியம் குளோரேட்டு களைக்கொல்லி, எரிகிற பொருளோடு சேர்ந்தால் தீயைக் கொழுந்துவிடச் செய்வது. தமிழ் எழுத்தில் இவற்றுக்கு இடையே இருப்பது ஓர் ஒற்றும் ஒரு கொம்பும். அமோனியாவுக்கே வருவோம். ஆவி மேகத்தின் மேல் தண்ணீரைச் சாரலாகத் தெளித்தால் அமோனியா அதில் கரைந்து இறங்கும்; தேங்கி நிற்கும் திரவ அமோனியாவின் மேல் தண்ணீர் விட்டால் அது பொங்கி இன்னும் வேகமாக ஆவியாகும். இரண்டு வாக்கியத்திலும் ஏறக்குறைய ஒரே சொற்கள்தான். ஒன்று காப்பாற்றும், மற்றது கொல்லும். “தண்ணி பீய்ச்சலாமா கூடாதா?” என்று ஓடி வந்து கேட்கிறவருக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல, அந்த வித்தியாசம் தெரிந்து எழுதிய தாள் வேண்டும்.

மனிதர்களும் தவறுவார்கள். மெண்டலீவ் 1869இல் தனிமங்களின் பண்புகள் சுழற்சியாகத் திரும்பத் திரும்ப வருகின்றன என்று எழுதிய கட்டுரையின் சுருக்கம் ஜெர்மன் இதழில் வந்தபோது, அந்த முக்கியமான சொல் படிப்படியாக என்ற பொருளில் பெயர்க்கப்பட்டுவிட்டது. கண்டுபிடிப்பின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருந்தது. யார் முதலில் கண்டது என்று மெண்டலீவுக்கும் மேயருக்கும் பின்னர் எழுந்த தகராறில் அந்தப் பிழைக்கும் பங்குண்டு. மொழி மட்டும் தெரிந்தால் போதாது, பொருளும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். மேலும் ஒன்று. ரீச் சட்டம் பாதுகாப்புத் தாளைத் தகுதியுள்ள ஒருவர் தயாரிக்க வேண்டும் என்கிறது. தவறினால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். செல்போனை வரைவுக்கு வைத்துக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. கையெழுத்துப் போடுகிறவர் வேதியியல் படித்த தமிழராக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட தமிழர் எங்கே? எங்கும் இருக்கிறார். ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்கள் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கிறார்கள். தமிழ் வழியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஆலையின் லேபில் ஒப்பந்தக் கூலிக்கு மாதிரி எடுக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அந்த ரசாயனத்தைக் கையால் தொட்டவர்கள், தாளையும் படித்தவர்கள், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தமிழில் விளக்கத் தெரிந்தவர்கள். ஜெர்மன் கற்ற சென்னைக்காரருக்குக் கார்த் தொழிற்சாலையின் இயந்திரக் கையேட்டை மொழிபெயர்க்கச் சொல்லி நல்ல காசு கொடுக்கிறார்கள். கொடுப்பதால் ஜெர்மன் வகுப்பில் கூட்டம் இருக்கிறது. தமிழில் பெயர்க்கச் சொன்னால், “நீங்களே தமிழர்தானே, சும்மா ஒரு பார்வை பாத்துக் குடுங்க” என்கிறார்கள். கூலி வைக்காத வேலைக்கு ஆள் வரவில்லை என்று புலம்புவது என்ன நியாயம்? இறக்குமதியாகும் டிரம்முக்குத் துறைமுகக் கட்டணம் கட்டுகிறோம், டெமரேஜ் கட்டுகிறோம், ஏஜெண்டுக்கு, லாரிக்கு, இன்சூரன்சுக்குக் கட்டுகிறோம். ஒரு தடவை பெயர்த்தால் ஆண்டுக்கணக்கில் பயன்படும் தாளுக்கு மட்டும் காசு இல்லையாம்.

கடைசியாக, வடக்கத்தியவர் வாதம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் ஒப்பந்த வேலையில் நிறைந்திருக்கிறார்கள், தமிழ்த் தாள் யாருக்கு என்கிறார்கள். அந்த வாதத்தின் நேர்மையான முடிவு என்ன? இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் தாள் போட வேண்டும் என்பது. ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம் என்பது அதிலிருந்து எப்படிக் கிளம்புகிறது? மதில் சுவருக்கு வெளியே இருக்கும் மீனவர், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தீயணைப்பு வீரர், ஸ்டேஷனில் ராப்பணி பார்க்கும் ஏட்டு, இவர்கள் எல்லாம் தமிழ் படிப்பவர்கள்.

மூலக்கொத்தளத்தில் நின்று இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்று 1939இல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் இங்குள்ள இடுகாட்டில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். அப்போது முதலமைச்சராக இருந்து இந்தியைக் கட்டாயமாக்கியவர் ராஜாஜி. தமிழில் ரசாயனம் எழுதியவரும் அதே ராஜாஜி. இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இருவரின் நினைவிடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒடியாக்காரப் பையனுக்கு ஒடியாவில் தாள் கொடு, பீகார் பையனுக்கு இந்தியில் கொடு என்று கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. புரியாத மொழியை ஒருவன் மேல் திணிக்காதே என்று போராடிய மண் இது. ஆபத்தைப் புரியாத மொழியில் எழுதி ஒட்டுவதும் திணிப்புத்தான், அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. அந்தச் சில நூறு ஐ.நா. வாக்கியங்களைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் மொழிபெயர்ப்புத் துறையும் சேர்ந்து, வேதியியல் ஆசிரியர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் எண்ணூர் மீனவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்துத் தமிழில் முடிக்கட்டும். அரசிதழில் வெளியிடட்டும். அமோனியா, குளோரின், எல்.பி.ஜி., கந்தக அமிலம், காஸ்டிக், அமோனியம் நைட்ரேட் என்று இந்தப் பகுதியில் புழங்கும் சரக்குகளின் முழுத் தாள்களை முதலில் எடுத்துக்கொள்ளட்டும். மொழிபெயர்ப்பவருக்குப் பெயரும் கூலியும் இருக்கட்டும். தாளின் அடியில் அவர் கையெழுத்து இருக்கட்டும். தமிழ்த் தாள் இல்லாத சரக்கு ஆலை வாசலைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி உத்தரவு போட்டுப் பாருங்கள். ஆள் வருகிறாரா இல்லையா என்பது அடுத்த மாதமே தெரிந்துவிடும்.

வேதியியல் ஆசிரியர்களே, அரசு அழைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவுக்கு மிக அருகில் இருக்கும் ரசாயனம் எது என்று விசாரித்து, அதன் தாளை எடுத்து, உங்கள் மாணவர்களோடு உட்கார்ந்து தமிழில் எழுதுங்கள். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களே, வாசலுக்குப் போய் உங்களுக்குப் புரியும் மொழியில் அந்தத் தாளைக் கேளுங்கள். “ஆள் கிடைக்கல” என்று பதில் வந்தால், யாரைத் தேடினீர்கள், எவ்வளவு கூலி சொன்னீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.